அண்ணாவுக்கு: மொறிஸ் மைனரை விற்கவில்லை

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் ஆண்டுத்திவசம் முடிந்து, வந்த சனமெல்லாம் போன பின் இதை எழுதுகிறேன். அப்பாவின் மொறிஸ் மைனர் காரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவரிடம், கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது தெரிந்ததாலேயே கேட்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை, 2025இல் அது திறந்த பின் நிலைக்காது என்ற உங்கள் கணக்கில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால், மேலே ஒரு பெயின்ற் அடித்துத் தள்ளிவிடு என்றீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. உடலே அதன் எலும்பு. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு உக்கிப்போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதைப் பெயின்றால் மறைத்து, யாரோ ஒருவரின் பிள்ளைகளை அதில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கதவு வாசல் அசையாதபடி குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து ஒட்டிய பிறகு, இடப்பக்கத் தகட்டை வெட்டி எடுத்தோம். வெல்டிங்குக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெடியன் வருகிறான். துருவைச் சுரண்டுவதும் கம்பி பிரஷ் போடுவதும் நான்தான். ஒரு மாதம் பிரேக் ரப்பர்கள் வாங்கினால், அடுத்த மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான். நீங்கள் வீட்டுக்கு அனுப்பும் காசில் ஒரு சதமும் இதில் போகவில்லை. கணக்குக் கொப்பி இருக்கிறது. அந்தக் காசால்தான் அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நடந்தது என்பதையும் நான் மறக்கவில்லை.

வெட்டிய தகட்டின் உட்பக்கத்தில் அப்பாவின் ஒட்டு ஒன்று இருந்தது. பிஸ்கற் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, ஆணி இறுக்கி, மேலே தார் பூசியிருக்கிறார். தாரைச் சுரண்டியபோது தகரத்தின் சிவப்பும் பொன்னிற ஓரக்கோடும் அப்படியே வந்தன. அதை எறியாமல் வைத்திருக்கிறேன்.

எஞ்சினையும் திறந்தோம். பேரிங்குகளின் மேற்பூச்சுத் தேய்ந்து செம்புநிறம் தெரிந்தது. அது மண்ணெண்ணெய் செய்த வேலை. போரால் பெற்றோல் வராத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாம் எப்படி ஓடின என்பது உங்களுக்குத் தெரியும். ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சிக் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பின்புதான் அது பிடிக்கும். எரியாமல் மிஞ்சுவது பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும்.

1994இல் உங்களைப் படகேற்றக் கிளாலிக் கரைக்குக் கொண்டுபோன இரவும் மண்ணெண்ணெயில்தான் போனோம். ஏன் போனீர்கள், யார் ஒழுங்கு செய்தார்கள் என்பதை, மற்றவர்களும் வாசிக்கும் இடத்தில் எழுதப்போவதில்லை. கொடிகாமம் தாண்டியதும் எஞ்சின் நின்றதும், திரும்பி வருவதற்கென அப்பா ஒளித்து வைத்திருந்த சின்னப் போத்தல் பெற்றோலை நீங்கள் வாங்கிப் பீச்சியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தக் கார் எப்படி வீடு திரும்பியது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறையும் நீங்கள் கேட்கவில்லை.

படகு போன பின்னும் அப்பா கரையை விட்டு அசையவில்லை. அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. விடியும்வரை காருக்குள் இருந்தோம். விடிந்ததும் அவர் காய்ந்த பனையோலைகளைக் கொளுத்தி, எஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி அந்த நெருப்பில் சூடாக்கி, துணியால் பிடித்து ஒவ்வொன்றாகத் திருகினார். பிறகு என்னைப் பின்னால் நின்று தள்ளச் சொன்னார். கறுப்புப் புகையோடு அது பிடித்தபோது, "அவன் இருந்திருந்தால் ஒரு உன்னலில் பிடித்திருக்கும்" என்றார். தள்ளியது நான், அண்ணா. பிறகும் அவர் சாகும்வரை தள்ளியது நான்தான். அவருடைய கதையில் மட்டும் எப்போதும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

இதற்காக உங்களைக் குற்றம் சொல்வதாக எடுக்க வேண்டாம். போகாதிருந்தால் நீங்கள் இன்று இருந்திருப்பீர்களா என்றே தெரியாது. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்று, நான் கோயிலுக்குப் போகாமல் நேரே காரிடம் போய் அதன் பொனற்றைத் தடவினேன்.

இனி முன்சக்கர வேலை இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனின் மரை தேய்ந்தால் இந்த வகைக் காரில் சக்கரம் மடிந்து விழுந்துவிடும். அது முடியாமல் வீதிக்கு எடுக்கமாட்டேன். பதிவுப் புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில் இருப்பதால் உங்கள் கையொப்பமும் வேண்டும். தாள்களை மாமாவின் மகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். கையொப்பம் வைப்பதற்கு முன் என்னோடு சண்டை பிடிக்க வேண்டுமென்றால் தாராளமாகப் பிடியுங்கள். ஆனால் இதன் கீழே எழுதாமல் தொலைபேசியில் எடுங்கள்.

உங்கள் தங்கச்சி