சட்டம் எழுதப்போகும் நண்பனுக்கு

மச்சான்,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. ஹட்டனில் விடாத மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததில் பதில் பிந்திவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மற்றபடி சுகம். பெரியவளுக்குப் பக்கத்துப் பாடசாலையிலேயே நியமனம் கிடைத்தது, அது ஒரு நிம்மதி.

சரி, யாரும் இறக்கி வைத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய திறந்த ஏ.ஐ. மாடல்களுக்குச் சட்டம் போடுவதென்றால் எதில் கை வைப்பது என்று கேட்டிருந்தாய். அக்கா மகன் ஒன்றை டவுன்லோட் செய்து பழைய லெப்டொப்பில் வைத்திருக்கிறான், இன்டர்நெட் இல்லாமலே ஓடுகிறது. தோட்டத்துச் சம்பளத் துண்டைக் கொடுத்தால் எத்தனை நாள் பேர் (ஒருநாள் சம்பளம்) விழுந்தது, கைக்காசு எவ்வளவு, ஈ.பி.எப்.புக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று பிரித்துச் சொல்லப் பழக்குகிறான். அரைப்பேர் என்றால் இன்னும் முழிக்கிறது. நம் தோட்டத்துத் தமிழுக்காக எந்தக் கம்பெனியும் மெனக்கெடப் போவதில்லை, ஆகவே நாமே திருத்திக்கொள்ளக் கிடைப்பது பெரிய விஷயம்.

அதே லெப்டொப்தான் பயமும். வெளியே விட்டதைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கே தடை என்று வர்த்தமானியில் போட்டாலும் அவனிடம் இருப்பது இருக்கும், பாதுகாப்புக்காகப் பழக்கியதைக் கழற்றுவதும் விஷயம் தெரிந்தவனுக்குப் பெரிய வேலையில்லை.

2024 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம் திறந்த மாடல்களுக்குச் சில சலுகை கொடுக்கிறது, ஆனால் பயிற்சிக்குப் போட்ட மொத்தக் கணக்கீடுகளின் எண்ணிக்கை 10இன் 25ஆம் அடுக்கைத் தாண்டினால் சலுகை போய்விடும். கலிபோர்னியாவின் எஸ்.பி. 1047 மசோதா 10இன் 26ஆம் அடுக்கையும் 10 கோடி டொலர் பயிற்சிச் செலவையும் தாண்டும் பெரிய மாடல்களுக்கு என்று கோடு போட்டது; ஆளுநர் நியூசம் அதே ஆண்டு செப்டம்பரில் அதை நிராகரித்தார். சிறிய மாடலும் அதே அளவு ஆபத்தாகலாம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த ஓர் இடத்தில் நான் அவர் பக்கம். கூடையை நிறுத்துக் கொழுந்தின் தரம் சொல்லமுடியுமா?

அப்புறம், திறந்தது என்கிறவர்கள் எல்லாரும் திறந்துவிடவில்லை. மெட்டா நிறுவனத்தின் லாமா 2 மாடல் வந்தபோது மாதம் 70 கோடிக்கு மேல் பயனர் வைத்திருந்த நிறுவனங்கள் மெட்டாவிடம் தனி அனுமதி வாங்கவேண்டும் என்று உரிமத்திலேயே போட்டிருந்தார்கள். மாடலைக் கொடுத்தார்கள், எந்தத் தரவை ஊட்டினார்கள் என்று காட்டவில்லை. சலுகை எழுதினால் யாருக்கு என்பதை இறுக்கி எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், மாடல் செய்கிறவனைத் துரத்தாதே, அவன் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. அதை வைத்து இங்கே முடிவெடுக்கிறவனைப் பிடி. வங்கியோ கம்பெனியோ, மெஷின் சொன்னது என்று கைகழுவ விடக்கூடாது. தானியங்கி முடிவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை நம் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதினார்கள். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கிற ஒருத்தி அதைத் தமிழில், லோயர் வைக்காமல் கேட்க வழி இருக்கிறதா என்று முதலில் உங்கள் குழுவில் கேள்.

வரைவு வந்தால் தமிழ்ப் பிரதியையே அனுப்பு. அக்கா மகனிடமும் காட்டுகிறேன், அவன் என்னைவிடக் குடைவான்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்