அது பலிக்கல் இல்லை, சுமைதாங்கிக்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூதப்பாண்டி பக்கத்துப் 'பேய் வீடு' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என் அம்மை பிறந்த வீடு அது. கட்டுரை வந்ததிலிருந்து ராத்திரியானால் பையன்கள் பைக்கில் வந்து இறங்கி, டார்ச் அடித்து வீடியோ எடுக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

வாசல் நிலையில் '1082' என்று செதுக்கியிருப்பதைப் பார்த்து, வீட்டுக்குத் தொள்ளாயிரம் வயது என்று உங்கள் நிருபர் எழுதிவிட்டார். அது கொல்லம் ஆண்டு. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதற்கு முன் இங்கே நிலத்து ஆதாரம் என்கிற பத்திரத்திலிருந்து பிறந்த குறிப்பு வரை கொல்லம் கணக்குதான் ஓடியது. ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் 824 அல்லது 825 கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் வீடு 1906-07-இல் கட்டியது. 1758-இல் காலமான திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, தம்மை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி அங்கே ஒளிந்திருக்க வழியே இல்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் சுரங்கமும் கிடையாது. நடுவில் வேளிமலை கிடக்கிறது. நிருபர் எட்டிப் பார்த்தது நிலவறை. உருளியும் அண்டாவும் வைத்திருந்த இடம்.

'ஒரே இரவில் குடும்பமே காணாமல் போனது ஏன்?' என்று கேட்டிருக்கிறார். யாரும் காணாமல் போகவில்லை. எங்களுடையது மருமக்கள் வழிக் குடும்பம். சொத்து குடும்பத் தலைவரான காரணவர் கையில் இருக்கும். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்கு வராது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அந்த முறையில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்ட பாட்டைக் கவிமணி தம் மருமக்கள் வழி மான்மியத்தில் ஓர் ஐந்தாம் மனைவியின் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, பாகம் பிரிக்க வழி பிறந்தது. எங்கள் வீட்டிலும் வழக்கு நடந்தது. பாகம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நெல் போட்டு வைக்கும் மர அறப்புரையைக்கூட ஒருவர் பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். மிஞ்சிய கட்டிடத்துக்கு இன்றைக்குப் பங்குக்காரர்கள் ஏராளம். ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போடுவதில்லை. ஓடு சரிவது அதனால்தான். பழைய ஆதாரங்கள் பலவும் மலையாளத்தில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கே வாசிக்கத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கதை புகுந்துவிடுகிறது.

நள்ளிரவுப் பூவாசம் உண்மைதான். வீட்டுக்குப் பின்னால் காவில், அதாவது சாமிக்கு விட்ட மரத்தோப்பில், ஏழிலைப்பாலை நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூத்தால் ராத்திரி தெரு முழுக்க மணக்கும். பாலையில் யட்சி இருப்பாள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வது வழக்கம். மச்சில் கேட்கிற ஓட்டச் சத்தம் மரநாயினுடையது.

இதெல்லாம் போகட்டும். படத்தோடு போட்டீர்களே ஒரு கல், 'நரபலி கொடுத்த பலிக்கல்' என்று, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது சுமைதாங்கிக்கல். நிறைமாதத்தில் பிள்ளை பெறாமலே ஒரு பெண் இறந்துபோனால், அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக வழியோரம் இப்படி ஒரு கல் போடுவது நம் ஊர்களில் இருந்த வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே நெஞ்சுயரத்தில் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். நெற்கட்டும் விறகும் மீன்கூடையும் சுமந்து வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்வார்கள்.

எங்கள் கல் என் ஆச்சியின் அக்காளுக்காகப் போட்டது. இரண்டு நாள் நோவில் கிடந்து அந்த வீட்டு அறையிலேயே போய்விட்டார்கள். பிள்ளையும் வயிற்றிலேயே போயிற்று. மேல்கல்லின் பக்கவாட்டில் அவர்கள் பெயரும் கொல்லம் ஆண்டும் வெட்டியிருக்கிறது. வருடாவருடம் சுண்ணாம்பு அடித்து எழுத்து மங்கிவிட்டது. விரலால் தடவினால் தெரியும். மேல்பக்கம் கூடை இறக்கி இறக்கி வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அவர்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் ராத்திரி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் வீடியோ எடுப்பார்கள். இப்போதே கல் மேல் எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டு, சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் தம்பி மனைவிதான் போன வெள்ளிக்கிழமை தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துக் கழுவினாள். பேய் என்று நீங்கள் எழுதியது எங்கள் வீட்டு மனுஷியை. ஆடி அமாவாசைக்குப் புடவை வைத்து நாங்கள் கும்பிடுகிறவர்கள் அவர்கள்.

நிருபரிடம் எனக்குக் கோபம் இல்லை. பகலில் ஒரு நாள் வரச் சொல்லுங்கள். ஆதாரக் கட்டை எடுத்து வைக்கிறேன். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு அண்ணாச்சியும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அடுத்த இதழிலேயே, கல்லின் படத்தைப் போட்ட அதே இடத்தில் திருத்தம் போடுங்கள். அப்புறம், அறைக்கதவில் இருந்த பித்தளைப் பூட்டைக் காணவில்லை. எடுத்தவர்கள் திண்ணையில் கொண்டு வைத்துவிட்டால் போதும், நாங்கள் போலீசுக்குப் போகப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்.