ஊரே பார்த்துக்கொள்ளும் என்கிறாய், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ, மருமகள், பாப்பா மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிடுகிறேன். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண் பரவாயில்லை, சொட்டு மருந்து விட்டுக்கொள்ளத்தான் மறந்துவிடுகிறார். அக்கா போன வாரம் வந்து போனாள். மழை கொஞ்சம் பெய்தது. மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை.

குடும்பக் குரூப்பில் நீ போட்ட நீளமான செய்தியைப் பொறுமையாகப் படித்தேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்தச் செய்தி ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஏன் முழித்திருந்தாய்? கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

நீயும் கூடப் படித்தவர்களும் சேர்ந்து நம் ஊருக்கு டிரஸ்ட் ஆரம்பிக்கப் போவதைப் படித்ததும் அப்பா தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே செய்தியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். ரேஷன், முதியோர் உதவித்தொகை, சத்துணவு எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்திவிட வேண்டும், ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், யார் உண்மையான ஏழை என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும் என்கிறாய். மாமா அதற்குக் கைதட்டுகிற படம் போட்டிருந்தார். எனக்கு அன்றைக்கு மனசு சரியில்லை.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது காமராஜர் முதலமைச்சர். மதிய உணவுத் திட்டம் 1956-ல் நம் பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கியது. நீ இப்போது சொல்கிற மாதிரியேதான் முதலில் அது நடந்தது, தெரியுமா? கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டார், மக்களும் கொடுத்தார்கள். அப்புறம்தான் அரசாங்கம் பங்கு போட வந்தது. செலவில் 60 சதவீதம் அரசாங்கம், 40 சதவீதம் ஊர் என்று வைத்தார்கள். எங்கள் ஆச்சி தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். நல்ல மனசோடு கொடுத்தவர்கள் அன்றைக்கும் நிறையப் பேர் இருந்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் பள்ளியில் அந்த 40 சதவீதம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. கரிசல் காட்டில் மழை பொய்த்தால் ஆச்சியின் பானையில் விழுகிற பிடியும் நின்றுபோகும். ஊருக்கே இல்லாத வருஷத்தில்தான் பிள்ளைகளுக்குப் பசி அதிகம், அந்த வருஷம்தான் பள்ளியில் அடுப்பும் எரியாது. விளைந்த வருஷத்தில் வேறு கதை. பெரிய வீட்டுக்காரர்தான் அதிகம் கொடுப்பார். சோறு போடுகிற நேரத்துக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். கீழத்தெருப் பிள்ளைகளுக்குத் தனி வரிசை, அதுவும் கடைசியில். வாத்தியார் ஒரு தரம் வாய் திறந்தார். "அரிசி எங்கள் வீட்டு அரிசி சார்" என்று பதில் வந்தது. வாத்தியார் பேசாமல் உள்ளே போய்விட்டார். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளை, சாப்பாட்டுக்கு மட்டும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவாள்.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அதில்தான் எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஆதரவில்லாத பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் முதலிடம் கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள். என்னோடு சமையலுக்கு இருந்த அத்தையை உனக்குத் தெரியும், உனக்கு முதல் முட்டை உரித்துக் கொடுத்தவர். அரிசி அரசாங்கத்து நுகர்பொருள் வாணிபக் கழகக் குடோனிலிருந்து வந்தது. ஒரு பிள்ளைக்கு 100 கிராம் என்று நிறுத்துப் போட வேண்டும். நான் பதிவேட்டில் பெயர் இருக்கிற வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைத்தேன். அதே பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டார்கள். "இது உங்கள் வீட்டு அரிசி இல்லைங்க" என்று சொன்னேன். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் சொல்ல முடிந்தது. அரசாங்கத்து அரிசியாக இருந்ததால்தான் சொல்ல முடிந்தது தம்பி. டிரஸ்டு அரிசியாக இருந்து, அந்த டிரஸ்டில் அவர் பெயர் முதலில் இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அதெல்லாம் பழைய காலம் என்பாய். 2018-ல் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கூடிவந்து நின்றார்களே, அது பழைய காலமா? அதிகாரிகளே முதலில் அவரை இடம் மாற்றினார்கள், அது பெரிய அநியாயம். ஆனால் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டியிருந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. ஊர் நடத்துகிற சமையலறையாக இருந்தால் அவரை முதலில் வேலைக்கே எடுத்திருக்க மாட்டார்கள்.

யார் ஏழை என்று ஊருக்குத் தெரியும், நீ சொல்வது சரி. அதோடு யார் மகள் யாரோடு போனாள், யார் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கட்டவில்லை, யார் போன தேர்தலில் யாருக்கு வேலை பார்த்தார்கள் என்பதும் தெரியும். வடக்குத் தெரு வளையல்காரர் வீட்டு அம்மாவை ஊர் தள்ளிவைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மகள் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக. நல்லது கெட்டதுக்கு யாரும் போகவில்லை, கோயில் கொடைக்கு வரி வாங்கவில்லை, கோயில் அன்னதானப் பந்தியில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் ரேஷன் கடையில் அந்த அம்மாவுக்கு அரிசி போட்டார்கள். மாதாமாதம் உதவித்தொகை வந்தது. எடை போடுகிற பையனும் அந்த ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தவன்தான், அவன் வீட்டிலும் அந்த அம்மாவோடு பேச்சு கிடையாது. இருந்தாலும் கார்டை நீட்டினால் போடாமல் இருக்க அவனால் முடியாது. இரண்டு வருஷம் அந்த அம்மா உயிரோடு இருந்தது அந்தக் கார்டால். நீ சொல்கிற ஏற்பாட்டில் அவருக்கு யார் போட்டிருப்பார்கள் என்று எனக்குச் சொல்.

கமிஷன் அடிக்கிறார்கள் என்கிறாய். அடிக்கிறார்கள். எடை குறைகிறது, முட்டை சின்னதாக வருகிறது, உதவித்தொகைக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. நான் உள்ளே இருந்து பார்த்தவள், எனக்கா தெரியாது? ஆனால் அங்கே மனு கொடுக்கலாம், கலெக்டரிடம் திங்கள்கிழமை போய் நிற்கலாம், ஓட்டை மாற்றிப் போடலாம். தர்மம் செய்கிறவரிடம் போய் "ஏன் குறைத்துவிட்டீர்கள்" என்று கேட்க முடியுமா?

கணக்கையும் பார். உங்கள் டிரஸ்டில் 30 பேர், ஆளுக்கு மாதம் 1,000 என்று எழுதியிருக்கிறாய். 30,000 ரூபாய் ஆகிறது. முதியோர் உதவித்தொகையை 2023-ல் மாதம் 1,200 ஆக்கினார்கள். உங்கள் பணம் 25 பேருக்கு வரும், அவ்வளவுதான். நம் ஊரில் மேலத்தெருவில் மட்டும் அதற்கு மேல் வாங்குகிறார்கள். சாப்பாடு, மருந்து எல்லாம் தனி. அப்புறம், அந்த முப்பது பேரில் நாலு பேருக்குத் திடீரென்று வேலை போய்விட்டால்? இந்தக் காலத்தில் கம்பெனிகளில் அப்படி நடக்கிறது என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள். கணக்குக்காகத்தான் சொன்னேன்.

2020-ல் ஊரடங்கு போட்டபோது தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் ஒரே நாளில் மூடினார்கள். நம் ஊர் இளவட்டங்கள் முதல் சில வாரம் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொடுத்தார்கள். தங்கமான பிள்ளைகள், நானும் கூடப்போய்ப் புளியோதரை கிண்டினேன். அப்புறம் அவர்கள் வீட்டிலேயே அடுப்பு எரியவில்லை. கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அதே தீப்பெட்டி ஆபீஸில்தானே வேலை பார்க்கிறார்கள்! தீக்குச்சிக் கட்டை அடுக்கினால்தான் இருவருக்கும் கூலி. அப்போது ரேஷனில் அரிசி வந்தது, கார்டுக்கு 1,000 ரூபாய் வந்தது. வேறு ஊர்களில், வேறு மாவட்டங்களில் இருந்தவர்கள் கட்டிய வரி அது. நம் ஊர் விழுந்து கிடக்கும்போது வெளியிலிருந்து ஒரு கை வர வேண்டும்.

தானத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வடலூருக்கு உன்னை அழைத்துப் போயிருக்கிறேன். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது, யார் எவர் என்று கேட்காமல் போடுகிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் வள்ளலார் பிறக்கவில்லை. டிரஸ்ட் வையுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுங்கள், சாயங்காலம் டியூஷன் வையுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிப்போக ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். உதவித்தொகைக்கு எழுதத் தெரியாத கிழவிகளுக்கு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், அது பெரிய புண்ணியம். அரசாங்கம் போடுகிற சோற்றை நிறுத்தச் சொல்லி மட்டும் எழுதாதே. பள்ளியில் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது இப்போது. எதிர்வீட்டுப் பெண் அரசாங்கத்திடம் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள், எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். அவளை அடுத்த தடவை நீ பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன்.

அப்பா கடையை மூடிய வருஷம் நீ மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் நீ வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோகவில்லை, என் பந்தியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். அதை யாராவது ஒருவர் இதுவரை உன்னிடம் சொல்லிக் காட்டியிருக்கிறார்களா? அதே வருஷம் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். அந்த மூட்டையைப் பற்றி எத்தனை கல்யாணத்தில், எத்தனை சடங்கில் பேச்சு வந்தது என்று உனக்குத் தெரியும். அக்கா கல்யாணத்தில் நடந்ததும் தெரியும். அப்பா அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. தெரியாதவர்களிடம் வாங்கலாம் தம்பி. தெரிந்தவர்களிடம், சொந்தக்காரர்களிடம், கூடப் படித்தவர்களிடம் போய்த் "தட்டுப்பாடு" என்று சொல்ல மனுஷனுக்கு வாய் வராது. பட்டினி கிடந்தாலும் மூடி மறைத்துக்கொண்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பான். பெற்றவளிடம்கூடச் சொல்ல மாட்டான்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பாப்பா வீடியோவில் கூப்பிட்டபோது பின்னால் நீ பனியனோடு உட்கார்ந்திருந்தாய். லீவு என்றாய். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி முழித்திருக்காதே. மருமகளிடம் கோபப்படாதே, அவள் நல்ல பெண், எல்லாவற்றையும் அவளோடு பேசு.

இந்த மாதம் எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அப்பா மருந்துக்கு இருக்கிறது. காப்பீட்டுக் கார்டிலேயே ஆபரேஷன் முடிந்ததால் எடுத்து வைத்தது அப்படியே இருக்கிறது. போஸ்ட் ஆபீஸில் உன் பேரையும் சேர்த்துப் போட்ட ஆர்.டி. முதிர்ந்துவிட்டது. நீ வந்து கையெழுத்துப் போட்டால் எடுத்துவிடலாம். அது உனக்கென்று போட்டதுதான், எனக்கு அதில் வேலை இல்லை. பாப்பாவுக்குப் பள்ளி லீவு விட்டதும் மூன்று பேரும் வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். மாடி அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அப்பா உழவர் சந்தைக்குப் போய்விடுவார். வர ஒன்பதரை ஆகும். அந்த நேரம் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். போன் செய்.

அன்புடன்,
அம்மா