காலாண்டு விவரமும் ஆங்கிலக் கட்டுரை நோட்டும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

9, 10-ம் வகுப்புப் பெற்றோர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை நோட்டில் மார்க்கே இல்லை, சிவப்பு மைதான் இருக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். தெரிந்தேதான் அப்படிச் செய்கிறோம். முதலில் எழுதுவதற்குக் குறிப்பு மட்டும். அதைப் பார்த்துத் திருத்தி எழுதும் இரண்டாம் பிரதிக்குத்தான் மார்க். மார்க் போட்டுவிட்டால் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள். இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்விலும், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மார்க்கும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

ஒரு மாணவி "மை ஃபாதர் கோ டு புனலூர் எவ்ரி டே" என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் விடையை எழுதிக் கொடுக்கவில்லை. 'கோ'வுக்கு அடியில் கோடு போட்டு, "போவது ஒருவரா, பலரா?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இரண்டாம் பிரதியில் அவளே 'கோஸ்' என்று மாற்றினாள். யாரும் சொல்லாமலே, அடுத்த வரியில் இருந்த 'ஹி கம் பேக்' என்பதும் 'ஹி கம்ஸ் பேக்' ஆகியிருந்தது. எங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது திருத்தம்தான்.

ஆனால் சில வாரங்களாக இரண்டாம் பிரதி கைடில் உள்ளபடியே வருகிறது. சில நோட்டுகளில் கையெழுத்தே பிள்ளையுடையது இல்லை. இதை அனுமதிக்க முடியாது. அப்படி வந்தால் மார்க் கிடையாது. பள்ளியிலேயே உட்கார்ந்து மறுபடி எழுதவேண்டும். சிவப்பு மைக்காகப் பள்ளி வாசலில், பிள்ளைகள் எதிரிலேயே, ஆசிரியரைச் சத்தம் போடுவதும் கூடாது. இரண்டு வகுப்பு நோட்டுகளையும் வீட்டுக்குச் சுமந்துபோய் இரவில் திருத்துகிறவர் அவர். கேட்கவேண்டியது இருந்தால் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

விடியுமுன் புளியரை தாண்டிக் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும், வீட்டில் பீடி சுற்றுகிறவர்களும் உங்களில் பலர். நமக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்கவேண்டாம். வெள்ளிக்கிழமை நோட்டு வீட்டுக்கு வரும். "டீச்சர் என்ன கேட்டிருக்காங்க? நீ என்ன மாத்தப்போறே?" என்று தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை விளக்கிச் சொன்னதும் கையெழுத்துப் போட்டுத் திங்களன்று அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லையென்றால் பாட்டி, சித்தி யார் போட்டாலும் சரி, கைநாட்டும் போதும்.

பல வீடுகளில் ஏற்கெனவே இப்படித்தான் நடக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளின் நோட்டிலேயே தெரிகிறது. அவர்களுக்கும், இனிமேல் கேட்கப்போகும் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
செங்கோட்டை வட்டம்