குறைமாதக் குழந்தைக்கு ‘செட்’ வேண்டாம், தொப்பி போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் தினத்தன்று நம் பேப்பரில் வந்திருந்த படத்தைப் பார்த்தேன். மேசை நிறைய ஊதா நிறத்தில் குட்டி ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ், கையுறை, எல்லாம் ஒரே டிசைனில், ரிப்பன் கோத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார்கள். பின்னிய பெண்கள் பின்னால் பெருமையாக நிற்கிறார்கள். நிற்கட்டும், அந்த உழைப்பு என்னவென்று எனக்குத் தெரியும், நானும் குன்னூர்க்காரி, எங்கள் பக்கம் கையில் ஊசி இல்லாத பாட்டியைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் அந்தக் கவரில் இருப்பதில் பாதிக்கு மேல் வார்டில் குழந்தை உடம்பில் ஏறவே ஏறாது. இதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

முதலில் ஸ்வெட்டர். செட்டிலேயே அதிக நூலும் அதிக நேரமும் பிடிப்பது அதுதான், குறைமாதக் குழந்தைக்குத் தேவையே இல்லாததும் அதுதான். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த குழந்தையின் கையில் ஊசி ஏறியிருக்கும், நெஞ்சில் மானிட்டர் ஒயர் ஒட்டியிருக்கும், காலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற விளக்கு சுற்றியிருக்கும். இதற்கு நடுவே தலை வழியாக ஸ்வெட்டரை மாட்டிக் கையை இழுத்து நுழைப்பது யாரால் முடியும்? மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தால் நாப்கினும் கண் மறைப்பும் தவிர எதுவும் போட மாட்டார்கள்.

கொஞ்சம் தேறிய பிறகாவது போடலாமே என்றால், அப்போது கங்காரு பராமரிப்பு நடக்கும். குழந்தையை அம்மாவின் மார்போடு, தோலோடு தோல் ஒட்ட, நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுவார்கள். 1978-ல் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஒரு டாக்டர் ஆரம்பித்த வழி இது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்தில் இருந்து 24 மணி நேரம் வரை, முடிந்த அளவுக்குச் செய்யுங்கள் என்கிறது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், தேறும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே இப்படி வைத்த குழந்தைகளின் சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அந்த நேரத்தில் குழந்தைக்கு உடுப்பு என்றால் தொப்பி, சாக்ஸ், நாப்கின், அவ்வளவுதான். மிஞ்சிப்போனால் கை இல்லாத, முன்பக்கம் முழுக்கத் திறந்த மெல்லிய சட்டை. நடுவில் கம்பளி ஸ்வெட்டர் வந்தால் அம்மாவின் சூடு எதன் வழியாகப் போகும்?

என் மகளுக்குக் குழந்தை முப்பத்தோராவது வாரத்திலேயே பிறந்துவிட்டது. என் நாத்தனார் ஆசையாக ரோஜா நிறத்தில் முழு செட் கொண்டு வந்தார். சிஸ்டர் சிரித்த முகத்தோடு வாங்கி, தொப்பியை மட்டும் பக்கத்துக் கட்டில் குழந்தையின் தலையில் வைத்துப் பார்த்தார். தொப்பி புருவத்தைத் தாண்டி மூக்கு வரைக்கும் இறங்கியது. உடனே கழற்றி, எல்லாவற்றையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அந்த அலமாரியைத்தான் நான் உற்றுப் பார்த்தேன், இதே மாதிரி கவர் கவராக அடுக்கியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, பேரனுக்குச் சரியான தொப்பி கிடைக்காமல் பழைய பனியன் கையை வெட்டி, ஒரு முனையை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததிலேயே உருப்படியான தொப்பி அதுதான் என்று சொன்னால் பின்னுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் உண்மை அதுதான்.

தொப்பியை மட்டும் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், அந்தச் சின்ன உடம்பில் தலைதான் பெரிது, அது வழியாகச் சூடு நிறையப் போகும். தோல் மெல்லிசு, தோலுக்கு அடியில் கொழுப்பு அதிகம் கிடையாது, நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. உடம்புச் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே டாக்டர்கள் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். கடையில் ‘நியூபார்ன் சைஸ்’ என்று விற்பதெல்லாம் மூன்று கிலோ குழந்தைக்கு, அதன் தலைச் சுற்றளவு 34 செ.மீ. பக்கம் இருக்கும். ஒரு கிலோ குழந்தைக்கு 25, 26 செ.மீ.தான், ஒரு பெரிய சாத்துக்குடி மாதிரி. ஒன்றரைக் கிலோவுக்கு 28, இரண்டு கிலோவுக்கு 30, 31. வரி வரியாக மேடும் பள்ளமுமாக வரும் ரிப் பின்னல் இழுபடும் என்பதால் இதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைத்தே பின்ன வேண்டும். நான் 10-ம் நம்பர் ஊசியில் மெல்லிய காட்டன் நூலில், மிகச் சின்னத் தலைக்கு 64 கண்ணி போட்டு, ரெண்டு நிட் (நேர்க் கண்ணி) ரெண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்றே கடைசி வரை கொண்டு போய்விடுவேன். உச்சியில் குஞ்சம் வேண்டாம், படுக்கும்போது உறுத்தும். நாடா வேண்டாம், பட்டன் வேண்டாம், முத்து வேண்டவே வேண்டாம். பூ வேலை, ஓட்டை ஓட்டையான டிசைன் எல்லாம் பார்க்க அழகுதான், தீக்குச்சி கனத்து விரல் அதில் மாட்டினால் யார் பதில் சொல்வது?

சாக்ஸில் இன்னொரு ஆபத்து. இரண்டு நிறம் சேர்த்து யானை, மயில் என்று பின்னினால் உள்பக்கம் நூல் தொங்கிக்கொண்டே போகும். அது கால் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சாக்ஸையும் உள்பக்கம் புரட்டிப் பாருங்கள், நுனி நூலை நன்றாக உள்ளே கோத்து முடியுங்கள்.

அப்புறம் நூல். நம் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். வார்டுத் துணியைக் கொதிக்கிற வெந்நீரில் துவைப்பார்கள், அந்தச் சூட்டில் அது தொய்ந்து உருத் தெரியாமல் போய்விடும். மொசு மொசுவென்று முடி நிற்கிற நூலோ குழந்தையின் மூக்குக்குள் போகும். காட்டன்தான் சரி, அதுவும் இரண்டு மூன்று தடவை துவைத்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாதே, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்று என்று நம் வீட்டில் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது.

செட் பின்னவே கூடாது என்று சொல்லவில்லை. குழந்தை தேறி எடை ஏறி வீட்டுக்கு வரும் நாளுக்கு, எங்கள் மலையில் டிசம்பர் குளிருக்கு, ஆசை தீரப் பின்னுங்கள். சென்னையிலும் மதுரையிலும் வீட்டுக்குள், மேலே ஃபேன் ஓடும்போதே, காதில் காற்று புகுந்துவிடும் என்று கொழுகொழு குழந்தைக்குக் கம்பளிக் குல்லாயைப் போட்டுத் தூங்க வைக்கிறார்களே, அது வேறு கதை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சூடு ஏறினாலும் ஆபத்துதான்.

2020-ல் மட்டும் நம் நாட்டில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்திருக்கின்றன. அடுத்த நவம்பரில் இந்த மாதிரிப் படம் போடும்போது பக்கத்திலேயே நாலு வரியில் அளவையும் போடுங்கள் ஐயா. மருத்துவமனைகளும் வார்டு வாசலில் ‘இந்த மாதம் இந்த அளவில் இத்தனை தொப்பி வேண்டும், நூல் காட்டன்’ என்று ஒரு தாள் ஒட்டலாம், அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கொடுக்க நினைப்பவர்கள் முதலில் வார்டு சிஸ்டரைக் கேளுங்கள். வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் காய வைத்து, அளவு எழுதிய சீட்டோடு தனித்தனிக் கவரில் கொடுங்கள். அந்த சிஸ்டர் இப்போதைக்குத் தொப்பி வேண்டிய அளவு இருக்கிறது, நாப்கின் துணிதான் இல்லை என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாப்கின் துணி வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்.