அடையாற்றில் மிதப்பதும், மிதக்காமல் மறைந்து நிற்பதும்: ஒரு திறந்த மடல்

நீர்வளத் துறை, பெருநகர சென்னை மாநகராட்சி, சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆகியவற்றின் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அடையாற்றில் செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிடும்போது, கோட்டூர்புரம் பாலத்துக்கும் திரு.வி.க. பாலத்துக்கும் நடுவே விடியற்காலையில் துடுப்புப் படகு வலிப்பவர்களையும் நினைவில் வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். சென்னையின் படகு விளையாட்டுக்கு இந்த ஆறுதான் தாய்வீடு. மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது 1867-ல். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் பள்ளிப் பிள்ளைகள் முதல் துடுப்பைப் பிடிப்பது இந்த நீரில்தான்.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். அது புரிந்தால் மற்றவை தானாக விளங்கும். ஒற்றையாள் படகான சிங்கிள் ஸ்கல் சுமார் 8 மீட்டர் நீளம், 14 கிலோ எடை. எட்டுப் பேர் வலிக்கும் படகு 17 மீட்டர் அளவு நீளம். ஆட்கள் ஏறிய பின் மொத்த எடை முக்கால் டன்னை நெருங்கும். கார்பன் ஃபைபர் உடலின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். வலிப்பவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சிங்கிளில் சில வலிப்புகளுக்கு ஒருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எட்டுப் பேர் படகில் வழி சொல்ல காக்ஸ் இருக்கிறார். ஆனால் அவர் இருப்பது பின்கோடியில். எட்டுப் பேரைத் தாண்டி, படகின் மூக்குக்கு நேர் முன்னே கிடப்பது அவர் கண்ணில் படாது. ‘நிறுத்து’ என்று கத்தினாலும் படகு தன் நீளத்துக்கு மேல் ஓடித்தான் நிற்கும்.

இப்படிப்பட்ட படகுக்கு, பார்வைக்குத் தெரிகிற குப்பை பெரிய எதிரி அல்ல. தெர்மாகோலும் பாட்டிலும் இடித்துவிட்டு ஒதுங்கிவிடும். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கிடப்பவைதான் ஆபத்து. பழைய சேலை, தார்ப்பாய், கிழிந்த ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் நீரில் ஊறி, பாதி மூழ்கி, தொங்கிக்கொண்டே நகரும். படகின் அடியில் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபின் இருக்கிறது. படகை நேராக வைத்திருப்பது அதுதான். சேலை அதில் சுற்றிக்கொண்டால் படகு ஒருபக்கமாக இழுக்கும். கட்டை மோதினால் ஃபின் பிய்த்துக்கொண்டு போகும், அது பொருந்திய இடத்தில் விரிசல் விட்டு பின்அறைக்குள் நீர் ஏறும். துடுப்பின் முனை ஆகாயத்தாமரைத் திட்டில் மாட்டினால் கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் அறையும். சிங்கிளாக இருந்தால் அடுத்த நொடியே படகு கவிழும். கால்களோ படகோடு பொருத்திய காலணிக்குள். அதனால்தான் காலணியின் குதிகாலை அதிகம் மேலே எழவிடாதபடி ஒரு கயிறு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி; கால் அப்போதுதான் கழன்று வரும்.

பயிற்சியாளரின் மோட்டார் படகுக்கும் இதே கதி. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்குக் குளிர்நீர் உள்ளே போகும் துளைகளை ஒரு பாலிதீன் பை மூடினால் போதும். எஞ்சினின் பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பழுதாகும். கவிழ்ந்தவரைக் காப்பாற்றப் போகவேண்டிய படகு அது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. அரைகுறையாகச் செய்த துப்புரவு, செய்யாமல் விட்டதைவிட எங்களுக்குக் கேடு. ஆற்றில் வேலை நடக்கும்போது சவுக்குக் கழிகளை அடித்துத் தடுப்பு கட்டுவது வழக்கம். வேலை முடிந்ததும் கழிகளைப் பிடுங்காமல் நீர்மட்டத்தோடு அறுத்துவிட்டால், கடல்நீர் இறங்கும் வற்றத்தில் நுனி தெரியும், கடல்நீர் ஏறும் ஏற்றத்தில் மறையும். சில மாதத்தில் பாசி படர்ந்து நீரின் நிறத்துக்கே வந்துவிடும். அறுத்த முனையில் ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது படகின் உடலைக் கத்திபோலக் கிழிக்கும். ஒப்பந்தத்தில் ‘கழிகளை வேரோடு பிடுங்கி எடுத்த பின்பே இறுதித் தொகை’ என்று ஒரு வரி சேருங்கள். அடித்த கழி எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். சரிபார்க்க வேண்டியது வற்ற நேரத்தில்.

ஆகாயத்தாமரையும் அப்படித்தான். ஆற்றின் மேற்பகுதியில் வெட்டித் துண்டுகளாக விட்டால் அவை கீழே மிதந்து வந்து பாலத் தூண்களில் நீர் வந்து மோதும் பக்கத்தில் அடைந்து நிற்கும். அந்த அடைசலுக்கு அடியில் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளம் இழுத்து அதில் ஒரு படகைச் சாய்த்தால் நீரின் அழுத்தமே ஆளை அங்கே அமுக்கிப் பிடிக்கும். எங்கள் கணக்கில் ஆற்றிலேயே மோசமான இடம் அதுதான். ஆகவே தூண்களை முதலில் சுத்தம் செய்யுங்கள். எடுத்த செடியைக் கரையோரம் குவிக்காமல் அன்றன்றே லாரியில் ஏற்றுங்கள். அடுத்த மழையில் குவியல் மறுபடி ஆற்றுக்குள் வந்துவிடும். தோதான நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக் கூடிய செடி அது.

இந்தச் செடிக்கு உப்பு ஆகாது. முகத்துவாரம் திறந்திருந்து கடல்நீர் ஏறி இறங்கினால் கீழ்ப்பகுதியில் அது தானே கருகும். கடலோர மணல் நகர்ந்து வாயை அடைத்துவிட்டால் நீர் தேங்கும், உப்பு குறையும், செடி செழிக்கும், மிதக்கும் எதற்கும் வெளியேற வழியிருக்காது. மணல் திட்டை வெள்ளத்துக்காக மட்டும் மழைக்கு முன் ஒருமுறை வெட்டாமல், கோடையிலும் பார்த்துத் திறந்துவைத்தால் செடி எடுக்கும் செலவும் குறையும்.

கூவத்தில் போட்டதுபோல் மிதவைத் தடுப்பு போடுவதானால் மகிழ்ச்சி. ஆற்றுக்குக் குறுக்கே நேர்கோட்டில் கட்டாதீர்கள். நடுவில் வயிறு விழுந்து, குப்பை அங்கேயே சேர்ந்து, நீரோட்டம் வலுத்ததும் அடியில் புகுந்து போய்விடும். சாய்வாகக் கட்டினால் குப்பை ஒரு கரைக்குச் சறுக்கிப் போகும். பொக்லைன் நிற்க இடமுள்ள கரையைத் தேர்ந்துகொள்ளலாம். இரு முனைகளும் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும்படி தூணில் வளையம் போட்டுப் பிணைக்க வேண்டும். தடுப்பே இருட்டில் படகுக்கு இடறல் என்பதையும் மறக்க வேண்டாம்: ஆரஞ்சு நிறம், ஒளியைத் திருப்பும் பட்டை, படகுத்துறைக்கு முன்னதாக, நீர் வரும் பக்கமான இடம்.

உடனே எடுக்க முடியாதது எதுவானாலும் அடையாளம் வையுங்கள். கடலில் தனித்து நிற்கும் ஆபத்துக்குக் கறுப்பில் சிவப்புப் பட்டையிட்ட மிதவையும் உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டைகளும் வைப்பார்கள். இங்கே அந்த அளவுக்கு வேண்டாம். நங்கூரமிட்ட ஒரு ஆரஞ்சு மிதவையே போதும். பாலத் தூண்களில் எண் எழுதி, கரையில் 250 மீட்டருக்கு ஒரு எண் பலகை நட்டால், ‘மூன்றாம் தூண், வடகரைப் பக்கம், மரக்கட்டை’ என்று படத்தோடு எங்களால் வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியும். தினமும் நீரில் இருக்கிறோம். இந்தத் தகவலைத் தருவதை எங்கள் கடமையாகவே ஏற்கிறோம்.

கடைசியாக, செம்பரம்பாக்கம் உபரிநீர். 24 அடி முழுக் கொள்ளளவு உயரத்தை ஏரி நெருங்கி நீர் திறக்கும்போது கரையோர மக்களுக்கு எச்சரிக்கை போகிறது. திருநீர்மலை அருகே ஆற்றில் சேரும் அந்த நீர், வழியெங்கும் கரையில் கிடக்கும் மரத்தையும் வாழைத்தண்டையும் வாரிக்கொண்டு வரும். அதே எச்சரிக்கையைப் படகுத்துறைகளுக்கும் அதே நேரத்தில் அனுப்புங்கள். எத்தனை கனஅடி, எத்தனை மணிக்குத் திறப்பு என்ற இரண்டு விவரம் இருந்தால், விடியலுக்கு முன்பே அன்றைய பயிற்சியை நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
அடையாற்றில் துடுப்பு வலிப்போர்