ஆடிக்கும் கிழங்கு வேண்டும்

ஆசிரியருக்கு,

குமரி மாவட்ட உணவுப் பாதுகாப்பு என்றாலே பேச்சு நாஞ்சில் நாட்டு நெல்வயலோடு நின்றுவிடுகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு விளைகளில் அரிசிக்கு அடுத்து வயிற்றை நிரப்புவது மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். அதனால் தை, மாசியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். ஆனி, ஆடியில் மழை பிடித்து, மேற்குக் கடலில் விசைப்படகுத் தடையும் (ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை) சேரும்போது அடுக்களையில் இருப்பு இல்லை.

வழி பழையதுதான்: அவித்துக் காயவைத்த வத்தல். மேல்தோலோடு உள்பட்டையையும் உரித்து, 3 முதல் 5 மி.மீ. கனத்தில் சீவி, கொதிக்கும் நீரில் 5 முதல் 10 நிமிடம் மூடாமல் வேகவிட்டு வடிக்க வேண்டும். கைப்புக் கிழங்கை இதற்கு எடுக்கவே கூடாது. இந்தச் சிறு கொதியில் அதிலுள்ள நஞ்சு முழுக்கப் போகாது. பங்குனி வெயிலில் பாய் விரித்து இரண்டு மூன்று நாள் போதும். ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பலருக்கும் பிசகுவது இங்கேதான். கனமாக வெட்டியது வெளியே காய்ந்து நடுவில் பூசணம் பிடிக்கும். அவிக்காததில் வண்டு சீக்கிரம் விழும். 100 கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய 30 கிலோ தேறும். சமைக்குமுன் இரவு முழுக்க ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

நடுவதற்கு எடுக்கும் மரச்சீனித் தண்டான கம்பு விஷயத்தில் இன்னும் அலட்சியம். இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புவது உண்மை. அதைவிட நாமே கம்பு கொடுத்துப் பரப்புகிறோம். இலை உதிர்ந்த கம்பைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. ஆகவே இலை பச்சையாக நிற்கும்போதே நோயில்லாத நல்ல மூட்டில் (செடியில்) துணி கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அந்தக் கம்பை 20 செ.மீ. துண்டாக வெட்டி, கண் மேல்நோக்கி இருக்கும்படி நாற்றங்காலில் நெருக்கி ஊன்றி, மூன்று வாரத்தில் தேமல் தெரிவதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை 90 செ.மீ. இடைவெளியில் நடலாம்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் தேமலைத் தாங்கும் ஸ்ரீரக்ஷா ரகம் இருக்கிறது. எல்லை தாண்டினால் எட்டிவிடும் தூரம்தான். தோட்டக்கலைத் துறை அந்தக் கம்பை வாங்கி ஒன்றியத்துக்கு ஓர் இடத்தில் பெருக்கித் தரட்டும். ஊராட்சிகள் வத்தல் காயவைக்க ஒரு சிமென்ட் களமாவது ஒதுக்கட்டும். கம்பு சித்திரை மழைக்கு முன் கைக்கு வர வேண்டும்.

– மரச்சீனி விவசாயிகள், திருவட்டார்